யாரும் தொடாத வண்டி

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஜவ்வாது மலையில் நடந்தது இது. போளூரில் என் கணவரும் நானும் சேர்ந்து கார்களுக்கான உதிரிச் சாமான் கடை ஒன்று வைத்திருக்கிறோம். சீட் கவர், தரை மேட், ஸ்டிக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. ஒயர் வேலை முழுக்க என்னுடையது. என் விரல்கள் ஒல்லி என்பதால் டேஷ்போர்டு சந்துக்குள் சுலபமாக நுழைந்துவிடும். ஆனாலும் நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனால், வந்தவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆளு யாரும் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டு, எனக்கும் ஒரு திமிர் வளர்ந்துவிட்டது. நான் செய்த வேலையைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நின்றது.

அந்த வருடம் ஆடி மாதத்தில் மலைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ஜமுனாமரத்தூர் தாண்டி, காவலூர் போகும் வழியில் உள்ளே பிரிந்து போகும் ஒரு சின்ன ஊர் அவருடையது. ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு என்று அந்த ஊர் ஜனங்கள் கீழே இறங்க அந்த ஒரு வண்டிதான். ஒருநாள் அவர் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், யாரோ பின்விளக்கை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கிற கேமரா வேண்டும் என்றார்.

"வெடிய வெடிய ஓடணும்க்கா. நடுவுல நின்னுபோவக் கூடாது" என்றார்.

ஓடுகிற வண்டியில் கேமராவுக்குக் கவலை இல்லை. நிற்கிற வண்டியில் அது பேட்டரியைத்தான் உறிஞ்சிக் குடிக்கும். அதற்காக ஒரு சின்னப் பெட்டி வைத்து ஒயர் இழுப்போம். பேட்டரி ஓரளவுக்கு மேல் இறங்கிவிட்டால் அந்தப் பெட்டியே கேமராவுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு மிச்சம் இருக்கும். எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். அவர் நீண்ட நேரம் ஓட வேண்டும் என்றாரே என்று நான் இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்தேன். கேமராவையும் தூங்கும் முறையில் போட்டேன். வண்டி அதிர்ந்தால் மட்டும் அது ஒரு சின்ன மணிச் சத்தத்தோடு விழித்து, அரை நிமிடம் படம் பிடித்துவிட்டு மறுபடி தூங்கும். கை பட்டால்கூடப் பிடிக்க வேண்டும் என்று அதிர்வை உணரும் சென்சாரை உச்சத்தில் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. அவரும் சந்தோஷமாகப் போனார்.

புரட்டாசி கடைசி வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மழை பிடித்ததும் ஆரம்பித்தது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் செய்தார். பேட்டரி பழசு, மலைக் குளிர் வேறு, மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். நான்கே நாளில் புதுப் பேட்டரியும் படுத்துவிட்டது. நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வைத்து ஸ்டார்ட் பண்ணினாராம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய அவசரத்தில் அப்படி ஆகியிருக்கிறது.

"அக்கா, நீங்க மாட்டுனதுல இன்னாவோ கோளாறு கீது" என்றார் போனில்.

எனக்கு ஏறியது என்று சொல்ல வேண்டுமா? "நான் மாட்டுனதுல கோளாறு இருக்காதுண்ணா. நானே நேர்ல வந்து காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். என் கணவர் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம் என்றேன்.

அவர் ஊருக்குள் நான் போய்ச் சேரும்போது பதினொரு மணி இருக்கும். ஆனால் வெளிச்சம் விடியற்காலை போலத்தான் இருந்தது. மஞ்சு இறங்கி, பனிமூட்டமாக மரங்களை மறைத்திருந்தது. அவர் வீடு மற்ற வீடுகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் தனியாக நின்றது. வீட்டின் பின்சுவரிலிருந்து பத்தடியில் சரிவு ஆரம்பிக்கிறது. சரிவில் ஒரு பெரிய பலாமரம், அதற்கு மேலே யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. வீட்டுக்குப் பக்கவாட்டில் வண்டி நின்றது. அவர் எதிலும் ஒழுங்கான ஆள். முன் சக்கரங்கள் முட்டி நிற்பதற்கு என்று இரண்டு கற்களைப் பதித்து வைத்திருந்தார். தினமும் வண்டி ஒரே இடத்தில், ஒரே திசையில், ஒரு விரல்கூட மாறாமல் நிற்கும்.

வண்டியின் கண்ணாடியில் வேப்பிலையோடு ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. அவருடைய மனைவி கட்டியதாம். கேமராவுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. நான் பானெட்டைத் திறந்து மீட்டர் வைக்கும்போது பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

"அக்கா, இத்த கழட்டிக்கினு போய்டுங்க" என்றார் மெதுவாக.

"இன்னாத்துக்கும்மா?"

"யாருமே இல்லாதப்ப கத்துதுக்கா. பட்டப்பகல்ல, நாங்க ரெண்டு பேரும் வூட்டுக்குள்ள இருக்கும்போது, வண்டியில மணி அடிக்கும். போய்ப் பாத்தா ஒரு ஈ காக்கா இருக்காது."

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு மற்றதையும் சொன்னார். பின்னறையில் குழந்தைக்குத் தூளி கட்டியிருக்கிறது. குழந்தை அதில் இல்லாதபோதும் சில நேரம் தூளி தானாக அசைகிறது. காற்று வர அங்கே ஜன்னலே கிடையாது. அடுக்கில் இருக்கும் சில்வர் தட்டுகள் தமக்குள் பேசிக்கொள்வது போலச் சத்தம் போடுகின்றன. ஒரு மாதம் முன்பு வரைக்கும் நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த பின்னறைக் கதவு இப்போது தாழ்ப்பாள் விழ மாட்டேன் என்கிறது. எதுவோ உள்ளே வந்துபோக வழி கேட்கிறது என்று அவர் நினைத்தார். கேமராவின் கண் எதையோ வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று உறுதியாக நம்பினார்.

சொல்லும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. மஞ்சுக்குள் அந்த வீட்டைப் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் முதுகில் குளிர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் வண்டிக்காரர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம். நான் சிரித்துவிட்டேன்.

"கதவு மழைக்கு ஊறி உப்பியிருக்கும்மா. கேமரா யாரையும் வூட்டுக்குள்ள இட்டாந்து விடாது" என்றேன்.

கேமராவைத் திறந்து பார்த்தேன். பதினெட்டு நாட்களில் முந்நூற்றுச் சொச்சம் வீடியோக்கள். நாலைந்தை ஓட்டிப் பார்த்தேன். வீட்டின் சுவர், தண்ணீர் டிரம், துணி காயப்போடும் கம்பம், பின்னால் சரிவு, பலாமரம். யாரும் இல்லை. பூனைகூட இல்லை. காலி வீடியோ, அடுத்ததும் காலி. காரணமே இல்லாமல் கேமரா மணிக்கணக்கில் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதுதான் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. விஷயம் பிடிபட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

வேலை அரை மணி நேரம்தான். முதலில் கரண்டை வெட்டும் அளவை உயர்த்தி வைத்தேன். பேட்டரி பன்னிரண்டே கால் வோல்ட்டுக்குக் கீழே போனாலே கேமரா நின்றுவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். இதை ஆடி மாதமே செய்திருக்க வேண்டும், தப்பு என் மேல்தான் என்பதை மட்டும் விளக்கவில்லை. அடுத்து, அதிர்வுச் சென்சாரை உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறக்கினேன். இனி யாராவது வண்டியைச் சுத்தியலால் அடித்தால்தான் அது விழிக்கும். மீட்டரில் கரண்ட் மளமளவென்று இறங்கி, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு வந்து நின்றது. அவரிடம் மீட்டரைத் திருப்பிக் காட்டினேன். இத்தனை முறை எழுதி அழித்த மெமரி கார்டு கெட்டுப்போயிருக்கும் என்று புதுசு போட்டுவிட்டு, பழையதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. செட்டிங்தான்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் குழந்தையை மாற்று இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் கடையில் ஆள் இல்லை. வெளியே மழை. அந்தப் பழைய கார்டு ஞாபகம் வந்தது. சென்சார் தானாகக் கத்துகிறது என்றால் அது கேமரா விற்றவர் தலையில் கட்ட வேண்டிய கோளாறு, இரண்டு மூன்று காலி வீடியோக்களை அனுப்பிச் சண்டை போடலாம் என்று கார்டை என் போனில் சொருகினேன். முதல் நாளிலிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி நாளில் ஒன்று எடுக்கலாம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். இருட்டில் எடுத்தவற்றை விட்டுவிட்டு, பகலில் எடுத்தவற்றை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். ஒரே சுவர், ஒரே டிரம், ஒரே கம்பம்.

வேகமாகத் தள்ளும்போது படத்தில் எதுவோ அசைந்தது.

நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளினேன். அதுவும் பின்னால் போனது. மறுபடி முன்னால் தள்ளினேன். வீட்டின் கூரைக்கும் பலாமரத்துக்கும் நடுவில் முதல் நாள் படத்தில் ஒரு கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் அந்த வானம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசிப் படத்தில் வானமே இல்லை. மரம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மரத்துக்குப் பின்னால் முதலில் பாதி மறைந்திருந்த பாறை இப்போது முழு முகத்தையும் காட்டியது. விரலை வேகமாக ஓட்டினால் அந்த மரம் வீட்டை நோக்கி நடந்து வந்தது. திருப்பி ஓட்டினால் நடந்து போனது.

முதலில் வண்டியை வேறு மாதிரி நிறுத்தியிருப்பார் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் டிரம் இருந்த இடத்தில் இருந்தது. கம்பம் இருந்த இடத்தில் இருந்தது. சுவரின் மூலை படத்தின் ஓரத்தில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. சக்கரத்துக்கு முன்னால் அவர் பதித்த கற்களை நினைத்துப் பார்த்தேன். வீடு நகரவில்லை, வண்டியும் நகரவில்லை. மலை நகர்ந்துகொண்டிருந்தது.

தூளி ஏன் ஆடியது, தட்டுகள் ஏன் பேசின, கதவு ஏன் சாத்தவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குள் வந்து விழுந்தன. சரிவு ஒவ்வொரு முறை கொஞ்சம் வழுக்கும்போதும் தரை நடுங்கியிருக்கிறது. நமக்குத் தெரியாத அந்த நடுக்கம் கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. முந்நூறு தடவை அது கத்தியிருக்கிறது. நான் போய் அதன் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மழையில் மேலே கரண்ட் போயிருக்கும், டவரும் போயிருக்கும். பத்து முறை செய்திருப்பேன். என் கணவர் மேட் வெட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்தார். நான் படத்தை ஓட்டிக் காட்டினேன். அவர் ஷட்டரை இறக்கிவிட்டு எங்கள் ஓட்டை வேனை எடுத்தார்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மண் கரைந்து செந்தண்ணீராக ரோட்டில் ஓடியது. ஒவ்வொரு வளைவிலும், இந்நேரம் முடிந்திருக்குமோ, போய்ச் சேரும்போது அங்கே வீடு இருக்குமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் தானாக முருகா முருகா என்றது. சாதாரணமாக நான் சாமியைத் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை விட்டிருந்தது. மஞ்சு திங்கட்கிழமையைவிட அடர்த்தி. வீடு இருந்தது. வண்டிக்காரர் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணா. வண்டி மூணு நாளா ஒரே அடியில ஸ்டார்ட் ஆவுது. ஒரு வீடியோகூட வர்ல. எல்லாம் அடங்கிப்போச்சு" என்றார்.

அவர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து மரம் நடப்பதைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார், சரிவைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சில் மரம் கறுப்பாக ஒரு நிழல் போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"கேமரா ஆடியிருக்கும்க்கா. அந்தப் பாறை எங்க தாத்தா காலத்துலேந்து அங்கதான் கீது" என்றார். பிறகு, "நீங்கதானே அன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறி, அதிர்வுச் சென்சாரை மறுபடி உச்சத்துக்கு ஏற்றினேன். இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினேன். எல்லோரும் வண்டியை விட்டுத் தள்ளி, துணிக் கம்பத்தின் பக்கம் வந்து நில்லுங்கள் என்றேன். வண்டிக்கு அடியில் ஒதுங்கியிருந்த கோழிகளை என் கணவர் விரட்டிவிட்டார். அந்தப் பெண் வாசற்படியில் நின்றார், கையில் குழந்தை இல்லை. குழந்தை பின்னறையில் தூளியில் தூங்குகிறது என்றார்.

நின்றோம். காற்று இல்லை. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தவிர வேறு சத்தமே இல்லை. பறவைகள்கூடக் கத்தவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்கும் வண்டிக்கும் நடுவில் மஞ்சு மெல்ல நகர்ந்தது. ஒரு நிமிடம் போனது. வண்டிக்காரர் சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

வண்டிக்குள் மணி அடித்தது.

கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. யாரும் அசையவில்லை. வண்டிக்குப் பத்தடிக்குள் உயிருள்ளது எதுவும் இல்லை. அரை நிமிடத்தில் புள்ளி அணைந்தது. மறுபடி மணி அடித்தது, மறுபடி புள்ளி எரிந்தது. யாருக்கும் தெரியாமல் யாரோ வண்டியைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருப்பது போல இருந்தது. காரணம் தெரிந்த எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது. காரணம் தெரியாமல் அந்த வீட்டில் அந்தப் பெண் எப்படி இத்தனை நாள் இருந்தார் என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை மணி அடித்த அதே நொடியில், வீட்டுக்குள் சில்வர் தட்டுகள் கிலுகிலுவென்றன.

அந்தப் பெண் திரும்பி உள்ளே போனார். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கிப் போர்வையோடு தோளில் சாய்த்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் எங்களைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தார். வண்டிக்காரர், "சாமை மூட்டை உள்ள கீது, நெல்லு" என்று கூப்பிட்டார். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் இதற்குள் சரிவின் ஓரமாக மேலே ஏறிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பாறைக்கு மேலே உண்ணிச்செடிப் புதருக்குள் தரை பிளந்திருக்கிறது, கையை விட்டால் முழங்கை வரைக்கும் உள்ளே போகிறது என்றார். "கெளம்பலாம்" என்றார். வண்டிக்காரர் அதற்குப் பிறகு மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. சாவியைத் திருப்பினார், வண்டி முதல் முறையே ஸ்டார்ட் ஆனது. அந்த ஒரு விஷயத்தையாவது நான் சரியாகச் செய்திருந்தேன்.

ஊருக்கு நடுவில் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவர்களைச் சேர்த்துவிட்டு, ஊர்க்காரர்களிடம் படத்தையும் பிளவையும் பற்றிச் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம். அந்தப் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டினார்கள். இரவு முழுக்க எனக்கு இரண்டு விதமான பயம். மலை இறங்கிவிடுமோ என்று ஒன்று. இறங்கவே இல்லையென்றால், பயந்தாங்கொள்ளி ஒயர்க்காரி ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு விரட்டினாள் என்று ஆகிவிடுமே என்று இன்னொன்று. அப்போதும் என் பெயரைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன், பாருங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, சரிவு இறங்கியது. மதியம் டவர் வந்ததும் அவரே போன் செய்து சொன்னார். பெரிய இடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லையாம். யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்றார். சொல்லிவிட்டு நெடுநேரம் அழுதார். நானும் அழுதேன்.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டின் முன்பாதி அப்படியே நின்றது, வாசலில் பெயிண்டால் போட்ட கோலத்தின் கரைகூட இருந்தது. பின்பாதி இல்லை. பலாமரம் வேரோடு உள்ளே படுத்திருந்தது. தூளி கட்டியிருந்த இடத்தில் அந்தப் பாறை உட்கார்ந்திருந்தது. எத்தனையோ வருடமாக அங்கேயே இருப்பது போல அமைதியாக இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் அவர்கள் தங்கியிருந்தார்கள். அந்தப் பெண் எனக்கு டீ கொடுத்தார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கேமரா கத்தாமல் இருந்தது எல்லாம் அடங்கியதால் இல்லை, நான் அதன் காதைச் செவிடாக்கியதால்தான் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சத்தம் நின்னப்புறந்தான்க்கா எனக்கு ஜாஸ்தி பயமாச்சு" என்றார். "தூளி மட்டும் ஆடிக்கினே இருந்துச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது? நீங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டுப் போய்ட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மல்டிமீட்டர் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தூளி, தட்டு, கதவு என்று மூன்று அடையாளங்களை அந்தப் பெண் எனக்கு அன்றைக்கே ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன காரணம் தப்பாக இருந்திருக்கலாம். பார்த்தது ஒன்றுகூடத் தப்பில்லை. கையில் மீட்டர் வைத்திருந்த நான்தான் எதையும் பார்க்கவில்லை.

இன்றைக்கும் யாராவது கடைக்கு வந்து, "கேமரா சும்மா சும்மா கத்துதுக்கா, பேட்டரி எறங்குது" என்பார்கள். வெட்டும் அளவை உயர்த்தி வைப்பேன், அது பேட்டரிக்கு நல்லது. சென்சாரில் மட்டும் உடனே கை வைக்க மாட்டேன். வண்டி எங்கே நிற்கிறது, அங்கே என்ன இருக்கிறது, வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்பேன். சிலர் இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்பது போலப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அந்த மூன்று நாளும் ஒரு குழந்தை அந்தப் பாறைக்குக் கீழே தூங்கியது என் ஒரு விரல் கொடுத்த தைரியத்தில்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த விரல் இன்னும் பட்டனுக்கு முன்னால் ஒரு கணம் தயங்கித்தான் நிற்கிறது.